ஜாம் சட்டியில் வெந்த வால்வு

அக்கா,

இன்று காலை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மேலே வரும்போது, ஒரு வளைவில் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. துருத்தண்ணீர் வாசனையும் வெந்த ரப்பர் வாசனையும் அடுத்த வளைவு வரைக்கும் வந்தன. வண்டிக்காரர் ரேடியேட்டரைத் திட்ட, பின்சீட்டிலிருந்து அவர் மனைவி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்ற இறங்கிப் போன எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க கஷ்டம் உங்களுக்குச் சிரிப்பா இருக்கா சார்?" என்றார் அந்த அம்மாள். கொதித்த வண்டியால் எனக்கு ஒரு நாளும் கெடுதல் வந்ததில்லை, குளிர்ந்து கிடந்த ஒரு வண்டிதான் என் சோற்றில் கைவைத்தது என்று அவரிடம் எப்படி விளக்குவது? உங்களிடம் சொன்னால் புரியும். அதனால்தான் இந்த மடல்.

எழுபதுகளின் கடைசி அது. உங்கள் கணவர் கண்மூடியபோது விட்டுப்போனது ஒரு வெள்ளைக் கார். நீங்களாகத் தொடங்கியது, கிளியூர் வீட்டுப் பின்கட்டில் ஒரு ஜாம் அடுப்பு. கரடியூர்க் கொய்யாவும் தலைச்சோலை ஆரஞ்சும் ஏற்றி வருவது, பாட்டிலில் அடைத்த ஜாமைச் சேலத்துக் கடைகளில் இறக்குவது, வழியில் ஊர்க்கதை அத்தனையும் உங்களுக்குச் சொல்வது என்று டிரைவரான எனக்கு மூன்று வேலை. முதல் இரண்டுக்குத்தான் சம்பளம்.

அந்தக் காலத்தில் மலை டிரைவர்கள் வண்டியின் சூடு காட்டும் முள்ளைப் பற்றி, பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். பாதி மலையில் கொதித்து நிற்காத வண்டிதான் நல்ல வண்டி. நம்முடைய காரின் முள்ளோ அடிக்கோட்டை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கும். ஏரிக்கரை டாக்சி ஸ்டாண்டில் நான் செய்த அலட்டலுக்கு அளவே இல்லை. "எங்க வண்டி ஐஸ் பெட்டிங்க. ரேடியேட்டர்ல மோர் வெச்சாக்கூடப் புளிக்காது" என்று சொல்லித் திரிந்தேன். குளிர்ச்சி ஒரு நோயாக இருக்கலாம் என்று அந்த மலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் வியப்பில்லை, எனக்குப் பொதுவாக எதுவும் தோன்றாது.

ஆனால் வண்டி பெட்ரோலைக் குடித்தது. பனிமூட்டத்தில் இருமியது. குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக்கை இழுத்தபடியே விட்டால் ஓடும், உள்ளே தள்ளினால் படுத்துக்கொள்ளும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த உங்கள் கொழுந்தனார் ஒருநாள் வந்து, நான் வாசலில் வண்டி துடைக்கிறேன் என்று தெரிந்தே குரலை உயர்த்தினார்.

"ஏனுங்கண்ணி, வண்டி குடிக்குதா, இவன் உறிஞ்சி விக்கறானா? எங்கண்ணன் இருந்தப்போ டேங்க்க ரொப்புனா வாரம் பூரா ஓடும். இப்ப பாதியில காலி. ஸ்டாண்டுல போய்க் கேளுங்க, என்ன பேசறாங்கன்னு."

ஸ்டாண்டில் பேசினார்கள்தான். எல்லார் கதையையும் நான் பேசியிருந்தேனே, என் முறை வந்தபோது வட்டியோடு பேசினார்கள். போதாததற்குக் கடவுள் எனக்குக் கொடுத்திருக்கும் முழியும் திருட்டு முழி. பெட்ரோல் திருடன் என்று ஒரு முறை பெயர் விழுந்தால் ஏற்காட்டில் ஒரு மாட்டுவண்டியின் கயிறுகூட என் கைக்கு வராது. துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரும்போது பதில் சொல்றேன் தம்பி" என்றீர்கள்.

"இதுல யோசிக்க என்னங்கண்ணி இருக்குது? இன்னைக்கே நிறுத்திப்போடுங்க."

"அவன் வாயி நொம்பப் பொய் சொல்லும் தம்பி. கை சொல்லாது. எனக்குத் தெரியும்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான். முதல் பாதி கொஞ்சம் இடித்தாலும் முழுதாகவே வைத்திருக்கிறேன்.

அவர் படியிறங்கியதும் "பானெட்டத் தூக்கு சாமி" என்றீர்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். உட்புறம் முழுக்க வெளுத்த ஏடு, திரிந்த பால்போல.

"ஜாம் பாட்டில் மூடி உள்ளுக்குள்ள வேர்த்தா என்ன அர்த்தம்?"

"சரியாக் காயலைன்னு அர்த்தமுங்க்கா."

"அப்ப இதுவும் காயல. போ, ஒரு சுத்துச் சுத்திக் கொண்டாந்து நிறுத்து."

தலைச்சோலை வரை போய்த் திரும்பினேன். நீங்கள் ஜாம் பதம் பார்க்கும் தெர்மாமீட்டரோடு வாசலில் நின்றிருந்தீர்கள். பித்தளைத் தகட்டில் பதித்த அந்த நீளக் கண்ணாடிக் குழாயைத் தொட்டதற்காகவே சமையல்காரிகள் இருவரிடம் பேச்சை நிறுத்தியவர் நீங்கள். ஓடி வந்த வண்டியின் ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று நான் கத்த, நீங்கள் சாக்கை நான்காக மடித்து மேலே போட்டு, மூடியை மெல்லத் திருகினீர்கள். சீறல் இல்லை. ஒரு பெருமூச்சுகூட இல்லை. தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தீர்கள். பாதரசம் ஜாம் பதத்துக்கு வெகு கீழே, சோம்பேறியாக உட்கார்ந்திருந்தது.

"முள்ளு பொய் சொல்லல கண்ணு. எஞ்சின் நெசமாவே சூடாகல, அதான் பெட்ரோலக் குடிக்குது. இது பச்சப்புள்ளயக் குளிப்பாட்டற தண்ணி."

மறுநாள் காலை, வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர்க் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். எஞ்சின் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாக, குழாயும் கூடவே வெதுவெதுப்பானது.

"எஞ்சின் காயறதுக்குள்ள தண்ணி வெளிய ஓடிருது. கதவில்லாத ஊட்டுல அடுப்பெரிச்சா குளிர் போகுமா? நடுவுல ஒரு கதவு இருக்கோணுமே. மெக்கானிக்கிட்டப் போலாம், வா."

மெக்கானிக் அண்ணன் கேட்டதும் பூரித்துப் போனார். "தெர்மோஸ்டாட் வால்வுதானுங்க? நாந்தான் கழட்டுனேன், போன கோடைக்கு. தண்ணி சூடாகிற வரைக்கும் மூடியிருந்து அப்புறம் தெறக்கறதுங்க அது. நடுமலையில தெறக்காம மாட்டிக்கிச்சுன்னா வண்டி கொதிச்சுப்போகுமே. அதனால இங்க வர்ற வண்டிக்கெல்லாம் மொதல்ல அதத்தான் பிடுங்கறது." சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கவிழ்த்தார். பித்தளை வால்வுகளாக உருண்டன. பல்வைத்தியர் பல்லைச் சேர்த்து வைப்பதுபோல ஏற்காட்டு வண்டிகளின் கதவுகளையெல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

நம் காருக்குப் பொருந்துபவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். கொய்யா ஜாம் கிண்டுகிற சட்டியில் தண்ணீர் வைத்து, வால்வுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு, பிரசவம் பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்தீர்கள். ஒன்று தண்ணீர் தளதளத்தும் வாய் திறக்கவில்லை. ஒன்று குளிரிலேயே திறந்து கிடந்தது. "இது உன்னையாட்டம் சாமி, வாயி மூடவே மாட்டேங்குது" என்றீர்கள். மூன்றாவது மட்டும் சூடு ஏற ஏறப் பொறுத்திருந்து அழகாகத் திறந்தது. சட்டியை இறக்கினீர்கள், அது சமர்த்தாக மூடிக்கொண்டது. அன்று மாலையே அண்ணன் அதை மாட்டிக் கொடுத்தார், தலையில் அடித்துக்கொண்டே.

அடுத்த நாள் சேலம் போய்த் திரும்புகையில் முள் எழுந்தது. நடுக்கோட்டைத் தொட்டது. எனக்கு உயிர் போய்விட்டது. "அக்கா, கொதிக்குதுங்க! நிறுத்தறேனுங்க!" என்று வளைவுக்கு வளைவு அலறினேன். "ஓட்டு சாமி, வண்டிக்கு இப்பத்தான் உசுரே வந்திருக்குது" என்று நீங்கள் பின்சீட்டில் ஜாம் பாட்டில்களுக்கு நடுவே ஜபமாலை உருட்டினீர்கள். சோக் உள்ளேயே இருந்தது. இருமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் உங்கள் கொழுந்தனார் பெட்ரோல் டேங்கில் மூங்கில் குச்சியை விட்டார். வால்வு மாட்டிய அன்று டேங்கை நிரப்பி, அந்த வாரம் முழுக்க ஓடிய வண்டி. எடுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். குச்சியைத் திருப்பிப் பிடித்தும் ஒரு தரம் விட்டார். ஈரம் அவர் எதிர்பார்த்த இடத்துக்கு வெகு மேலே நின்றது.

"காருதான் குடிச்சிருக்குது போலிருக்குதுங்கண்ணி" என்று முனகினார்.

"என்ன தம்பி? கேக்கல. பேசுனப்போ தெரு பூராக் கேட்டுச்சே."

அவர் குரலை உயர்த்தித் திரும்பவும் சொன்னார். ஸ்டாண்டு டிரைவர்கள் பாதிப்பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

அன்று திரும்பும்போது, வாய் சும்மா இருக்காமல், ஒன்று கேட்டேன். நினைவிருக்கிறதா?

"ஏனுங்க்கா, ஒருவேளை அந்த வால்வு அங்கயே இருந்து, நல்லாவும் இருந்திருந்தா? அப்ப என்னையச் சந்தேகப்பட்டிருப்பீங்களா?"

நீங்கள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "வேற எதையாச்சும் கழட்டிப் பாத்திருப்பேன்."

போன மழையில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் உண்டு, பங்களா வைத்திருப்பவர்கள் உண்டு. என்னிடம் இருப்பது ஒரு வாடகைக் காரும் இந்த வாயும்தான். ஆனாலும் அவர்கள் நடுவில் நான் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறேன் அக்கா. என்னைத் திருடன் என்று ஒப்புக்கொள்வதைவிட, தன் காரைக் கடைசித் திருகாணி வரைக்கும் பிரித்துப் போடத் தயாராக இருந்த ஒருவர் எனக்கு இருந்தார். அவர்களில் யாருக்கு அப்படி ஒருவர் இருந்தார்?