புத்தக மதிப்புரைகளுக்குப் பதில் வெளியிடுவதில்லை

இன்று காலை, வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். தன்னாமுனையில் என் வீட்டு யன்னலைத் திறந்ததுமே தெரிந்தது. வாவி வற்றத் தொடங்கும்போது கரையில் கிளம்புகிற சேற்று வாசம் அறைக்குள் வந்துவிட்டது. ஊருக்கு அது வெள்ளம் வடிகிற வாசம். எனக்கு உன்னுடைய வாசம். நாலு மாரிக்காலம் அந்தச் சேற்றில் நின்றுதானே நீர்மட்டம் அளந்தாய்.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்குமோ தெரியாது. எனக்கு இனிக்கிறது.

பொறியியல் பீடத்தில் நாம் ஒரே வகுப்பு. நான் விரிவுரையாளராகிப் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிட்டேன். நீ நீர்ப்பாசனப் பொறியியலாளராக ஏறாவூருக்கே திரும்பினாய். முகத்துவாரத்து மணல் திட்டை எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு மாரியிலும் சண்டை. பிந்தினால் வட்டை வயல் முழுக்க வேளாண்மை மூழ்கும். முந்தினால் உப்பு உள்ளே ஏறும், மீனவர்கள் கத்துவார்கள். எல்லோரும் குத்துமதிப்பாகப் பேசினார்கள். அளந்து சொல்ல நினைத்தவள் நீ ஒருத்திதான்.

ஒரு ஞாயிறு நானும் உன்னோடு தோணியில் வந்தேன். காற்றடித்துத் தோணி கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று முக்காட்டைப் பிழிந்தபடி நீ சிரித்தாய். அன்றைய அளவு போயிற்று. முந்தின நாள் அளவுக்கும் மறுநாள் அளவுக்கும் சராசரி எடுத்து எழுதினாய். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அன்று தோணி கவிழ்ந்தது, இது அளந்த எண் அல்ல என்று அடிக்குறிப்பும் சேர்த்தாய்.

"ஆருக்குப் புள்ள தெரியப்போகுது? சும்மா விடன்" என்றேன்.

"எனக்குத் தெரியும்தானேகா" என்றாய்.

அந்த அளவுகளெல்லாம் புத்தகமாயின. பொறியியல் சஞ்சிகையில் அதற்கு இரண்டு பக்க மதிப்புரை வந்தது. எழுதியவர் நம் இருவருக்கும் நீரியல் படிப்பித்த பேராசிரியர். "பயிற்சியற்ற கையின் அளவீடுகள். இவற்றை நம்பி எந்தப் பொறியியலாளரும் எதையும் கட்ட முடியாது." அதே வாவியைப் பற்றித் தானும் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருப்பதை அவர் சொல்லவில்லை. சொல்லும்படி சஞ்சிகையும் கேட்கவில்லை. நீ மூன்று பக்கத்தில் பதில் அனுப்பினாய். ஒரு வரியில் மறுமொழி வந்தது: "எங்கள் ஆசிரியபீடக் கொள்கைப்படி, புத்தக மதிப்புரைகளுக்குப் பதில் வெளியிடுவதில்லை." அடுத்த மாரியில், வெட்டும் நாளைத் தீர்மானிக்கும் குழுவில் உன் பெயர் இருக்கவில்லை. அவர் பெயர் இருந்தது.

அந்த மதிப்புரை உன்னைக் கொன்றது என்று சொல்லமாட்டேன். உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தக் கடிதம் உன் தலையணைக்குக் கீழ்தான் கிடந்தது. "விடு புள்ள. அளந்தது அளந்ததுதான்" என்றாய். ஓம் என்று தலையாட்டினேன். பொய்யாகத்தான் ஆட்டினேன்.

நீ போய் இரண்டு வருடத்தில் அதே சஞ்சிகை என்னைப் புத்தக மதிப்புரைப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கக் கேட்டது. யாரும் விரும்பாத வேலை. உடனே ஒப்புக்கொண்டேன். முதல் கூட்டத்திலேயே புதிய கொள்கையை எழுதிக்கொண்டு போனேன். மதிப்புரை எழுதுபவர் நூலாசிரியரோடும் அந்தத் துறையோடும் தனக்குள்ள தொடர்பைச் சொல்லவேண்டும். அதே பொருளில் முன்னர் வந்த நூல்களையும் அவருக்குச் சேர்த்து அனுப்பவேண்டும். நூலாசிரியர் பதில் எழுதினால் அதே இதழில், வெட்டாமல் வெளியிடவேண்டும்.

"ஆய்வுக் கட்டுரைக்கெண்டாச் சரி. புத்தக மதிப்புரைக்கு இவ்வளவு என்னத்துக்கு மிஸ்?" என்று ஒருவர் கேட்டார்.

"நியாயத்துக்கு" என்றேன். அது பாதி உண்மை.

பிறகு காத்திருந்தேன். ஆறு வருடம் வந்த புத்தகங்களையெல்லாம் ஒழுங்காக அனுப்பி, மதிப்புரைகளை ஒழுங்காகத் திருத்திக் காத்திருந்தேன். கடைசியில் பேராசிரியருடைய புத்தகம் வந்தது. தடித்த அட்டை. ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தேன். உன் அட்டவணைகள். தோணி கவிழ்ந்த நாளின் எண்ணும் இருந்தது, நட்சத்திரக் குறி இல்லாமல். கீழே "ஆசிரியரின் நேரடி அளவீடு" என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சந்தோசத்தில்.

மதிப்புரையை நானே எழுதியிருந்தால் அவரைக் கிழித்திருப்பேன். ஆனால் நான் உன் தோழி. அதைத் தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினேன். மதிப்புரையாளரை அவரே தேர்ந்தெடுத்தார். நம்மில் யாரையும் அறியாத ஒரு வெளிநாட்டுப் பொறியியலாளர். நான் செய்தது ஒன்றே ஒன்று. கொள்கைப்படி, உன் புத்தகத்தையும் அதே பொதியில் வைத்தேன். ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் மதிப்புரை வந்தது. ஐந்தாம் அத்தியாயத்து அட்டவணைகள் முழுக்க முந்திய நூலில் உள்ளவை என்று வரிசையாகக் காட்டியிருந்தார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இந்த நாளில் தோணி கவிழ்ந்ததாக முந்திய நூலாசிரியர் ஒப்புக்கொள்கிறார். அதே நாளில் அதே எண்ணைத் தானே அளந்ததாகச் சொல்லும் பேராசிரியர் எங்கே நின்று அளந்தார் என்று அறிய விரும்புகிறேன்."

பதிலுக்காகப் பிரதியைப் பேராசிரியருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் அவரே என் அறைக்கு வந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, இத நிப்பாட்டேலாதா? சின்னப் பிழைதானே."

"நிப்பாட்டேலாது சேர். நீங்க பதில் எழுதித் தாங்க. ஒரு எழுத்தும் வெட்டாமப் போடுவம். இப்ப அதுதான் எங்கட கொள்கை."

"நான் என்னத்த எழுதுற?" என்று கேட்டார்.

இரக்கம் வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. "அளந்தத எழுதுங்க சேர்" என்றேன்.

போன மாதம் இதழ் வந்தது. மதிப்புரையின் கீழே ஒரு வரி: "நூலாசிரியரிடம் பதில் கோரப்பட்டது. கிடைக்கவில்லை." அந்த வரியை எழுதியது நான்தான்.

ஏறாவூருக்குப் போய் உன் மூத்த சகோதரியிடம் இதழைக் கொடுத்தேன். ராத்தாவுக்கு இங்கிலீசு தெரியாது, வாசித்துச் சொன்னேன். கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"அந்த மனிசன் அழுதானா?"

"இல்ல ராத்தா."

"அழ வெச்சிருக்கோணும்" என்றார். பிறகுதான் தேத்தண்ணி ஊற்றினார்.

இத்தோடு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அந்தச் சஞ்சிகையில் பேராசிரியர் முப்பது வருடமாக எழுதிய மதிப்புரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறேன். உன்னைப்போல இன்னும் எத்தனை பேரோ. பழைய மதிப்புரைகளையும் மறுபடி விசாரிக்கலாம் என்று கொள்கையில் ஒரு பிரிவு சேர்க்க முன்மொழிவு எழுதிவிட்டேன். இரண்டு வாரமாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கொடுப்பேன்.

நீ இருந்திருந்தால், "விடு புள்ள" என்று பறித்துக் கிழித்திருப்பாய். நீதான் இல்லையே.