நொண்டிச்சாக்கு ஆட்டத்தை விட்டுட்டான்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்க மூச்சிரைப்பு தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடறாங்களா? நான் சுகம்.

டென்னிஸ் போட்டி நடக்கிற மைதானத்துலயே துண்டு துவைக்கிற வேலை. நாம டிவியில பார்த்துத் தலையில தூக்கி வச்சு ஆடின அந்தச் சிரிச்சமூஞ்சி ஆட்டக்காரர், உடைமாத்துற அறைக்குள்ளே வந்ததும் ஈரத்துண்டை எங்க மேல வீசிட்டுப் போறார். அந்த மயக்கம் முதல் நாளே தெளிஞ்சிடுச்சு.

இன்னொரு ஆட்டக்காரன், எப்பவும் கால்வலின்னு பாதி ஆட்டத்துல விலகுறவனை "நொண்டிச்சாக்கு"ன்னு திட்டுவோமே, அவன் நேத்தும் நடுவருக்குக் கைகொடுத்துட்டு வெளியேறினான். நீங்க டிவியைப் பார்த்துக் கத்தியிருப்பீங்க. உள்ளே அவனால காலுறையைக்கூடக் கழற்ற முடியலை. நான்தான் கழற்றினேன். கணுக்கால் பூசணிக்காயா வீங்கியிருந்துச்சு. போன்ல யார்கிட்டயோ அழுதான். அந்தப் பக்கம் "வீட்டுக்கு வந்துடு"ன்னு சொல்லியிருக்கணும், சட்டுன்னு எழுந்து நொண்டிக்கிட்டே கிளம்பிட்டான்.

நானும் ஈரத்தரையில லேசா சறுக்கினேன். பயப்படாதீங்க. உங்க பழைய இடுப்பு பெல்ட்டையும் தைலத்தையும் யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க. குனிஞ்சா நிமிர முடியலை. லீவு கேட்டா "வேற ஆள் பார்த்துக்கறேன்"னு சூப்பர்வைசர் சொல்றார்.

துண்டு வண்டி வந்துடுச்சு, நிறுத்தறேன். இனி அவனைத் திட்டாதீங்கப்பா. நானும் பாதியில கைகொடுத்துட்டு வந்தா, கதவைத் திறப்பீங்கதானே?

உங்கள் மகன்