குளிப்பாட்ட விட்டுப்போன நாய்

என் செல்ல நூருக்கு,

கடையைத் திறந்துவிட்டேன். பெசன்ட் நகரில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் நாம் போய்ப் பார்த்தோமே, பழைய இஸ்திரிக் கடை, அதேதான். கரிப்புகை படிந்த சுவர் வெள்ளையடித்தும் வெளுக்கவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. மற்றபடி நீ சொன்ன மாதிரியேதான் வைத்திருக்கிறேன். மேசை ஜன்னலோரம், டிரையர் கதவுக்குத் தள்ளி.

பியூட்டி பார்லரில் இருந்தவள் எப்படி நாய் குளிப்பாட்ட வந்தாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உன்னைப் பற்றித்தான் சொல்கிறேன். நாம் வேலை பார்த்த தி. நகர் பார்லரில் ஒரு அம்மா தலைக்குச் சாயம் போட வந்தபோது கூடவே தன் பக் நாயையும் கொண்டுவந்தார். சாயம் ஊறும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது. நீ அதைத் தூக்கிப் போய் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகப் பிடித்து நகம் வெட்டினாய். கடைசிக் காலுக்கு வருவதற்குள் அது உன் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது.

அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சொன்னாய்: "கலாக்கா, மனுசங்களுக்குப் புருவம் எடுத்து எடுத்து என் கண்ணே போச்சு. நாய்ங்க கண்ணாடியில பாத்து கொறை சொல்லாதுக்கா." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதமே அசோக் நகரில் நாய்களுக்கு முடி வெட்டக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

கடைக்கு மேசை வந்து இறங்கிய வாரம் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மறுநாள் நீ இல்லை.

அதற்குப் பிறகும் கடையை ஏன் திறந்தாய் என்று கேட்காதே நூரு. எனக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பார்லருக்குத் திரும்பிப் போனால் நாற்காலிக்குப் பின்னால் நீ நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பார்கள். அதைப் பார்க்கத் தெம்பில்லை.

ஆனால் உன் கை எனக்கில்லை. முதலில் வந்த லேப்ரடார் சோப்பு நுரையோடு உடம்பை உதறி என்னை முழுக்க நனைத்துவிட்டது. ஒரு பீகிளுக்கு நகம் வெட்டும்போது சதையோடு வெட்டிவிட்டேன். கொஞ்சம் ரத்தம்தான், ரத்தத்தை நிறுத்தும் பவுடர் வைத்ததும் நின்றுவிட்டது. அதற்குள் என் கையிலிருந்து கத்தரி கீழே விழுந்தது. பழக்க தோஷத்தில் நாய்களிடம், "தலையைக் கொஞ்சம் சாயுங்க மேடம்" என்று சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

பப்லுவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளை பொமரேனியன். கிழவன். இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஒருநாள் காலை ஒருவர் காரில் கொண்டுவந்து இறக்கினார். பெயர் பப்லு என்றார். "நல்லா குளிப்பாட்டி வைங்க. சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். தலையைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை. அவசரத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முடியெல்லாம் சிக்குப் பிடித்துத் தோலோடு ஒட்டியிருந்தது. சீவ முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாக மெஷின் போட்டு எடுத்தேன். உள்ளே வெறும் எலும்பு. சின்ன உடம்பு, சூடாக. குளித்ததும் அறை மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டால் மட்டும் காதைத் தூக்குவான்.

சாயந்தரம் யாரும் வரவில்லை. அந்த ஆளின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அடையாறில் இன்ன அபார்ட்மெண்ட் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். தேடிப் போனேன். வாட்ச்மேன் கேட்டருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வூடு காலி பண்ணிக்கினு போய்ட்டாங்கம்மா. லாரி வந்து சாமானெல்லாம் ஏத்திக்கினு போச்சே."

"நாய் ஒண்ணு இருந்துச்சே?"

"சொந்தக்காரங்க வூட்ல வுட்டுட்டோம்னு சொன்னாங்க. ஏம்மா, உங்கிட்டயா கீது?"

அவர் டீயை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பாவம்மா அது" என்றார். அதற்கு மேல் அவரும் என்ன செய்வார்?

காப்பகங்களுக்குப் போன் செய்தேன். வயதான நாய், கண் தெரியாது என்றதும் குரல் மாறிவிடுகிறது. இடம் இல்லைங்க. எல்லா இடத்திலும் இதே பதில். கோட்டூர்புரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டு அமுதா வந்து நிற்கிறாள். "இன்னாக்கா, ராவெல்லாம் அழுதுகினே கீது. கொயந்தைங்க தூங்க வாணாமா?" அவள் கேட்டதிலும் தப்பில்லை. என் வீட்டுக்காரர்தான் பப்லு சுவரில் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் எழுந்துபோய்த் திருப்பிவிட்டார்.

நூரு, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அந்த ஆளைத் தேடிப் பிடித்துச் சண்டை போட்டிருப்பாயா? இல்லை, இவன் நம்மவன் என்று முதல் நாளே சொல்லியிருப்பாயா? நான் ஒன்றையும் முடிவு செய்யாமல் தினமும் அவனைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் மீர்சாகிப்பேட்டைக்குப் போய் உன் அம்மாவைப் பார்க்கிறேன். உன்னை ஒற்றைப் பெண்ணாகப் பெற்றவர், இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பப்லுவைப் பற்றி அவரிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். நாய் வேலையே அவருக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்ன சாப்பிடுது?" என்றார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்றேன்.

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் ஆட்டோ நின்றது. உன் அம்மா. ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் பாக்ஸ். உள்ளே கோழி வேகவைத்துக் குழைத்த சோறு.

"உப்பு போடல. நீ வை. நான் வெளியவே உக்காந்துக்கறேன், எனக்குத் தொழுகை இருக்கு, நாய் மேல பட்டா சுத்தம் போயிடும்."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் சோற்றைக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். பப்லு வாசனை பிடித்து வந்து, படி தெரியாமல் இடறி விழுந்தான். உன் அம்மா சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். ஆனால் குடை நுனியால் கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேராக நகர்த்திவிட்டார். முதல்முறையாக அவன் கிண்ணம் முழுக்கத் தின்றான்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். எட்டி உட்கார்ந்தபடியே அவனிடம் உருதுவில் பேசுவார். எனக்கு அதில் பாதி புரியாது. சாப்பிடு என்று அதட்டுவது மட்டும் புரியும். உன்னை அதட்டின அதே குரல்தான்.

பிறகு ஒருநாள் அந்தச் சோற்றையும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடையாறில் ஒரு கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"ரெண்டு கிட்னியும் போயிடுச்சுங்க. மருந்து கொடுத்தா சில நாள் இழுக்கும், ஆனா வலியோட இழுக்கும். இல்லன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம். ஓனர்தான் சொல்லணும். ஓனர் யாரு?"

"நான்தான்."

"குளிப்பாட்டுற கடைன்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க. என் நாய்தான்."

அவ்வளவு நாள் சொல்லாததை அங்கே சொன்னேன். ஊசி போடச் சொல்லவும் நானே சொல்ல வேண்டியிருந்தது. சரியா, தப்பா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் தேறியிருப்பானோ என்று இப்போதும் தோன்றுகிறது. டாக்டர் அப்படியில்லை என்கிறார். மனசு கேட்கவில்லை.

"நீங்க வெளிய இருக்கீங்களா, கூட இருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் உடைந்தேன். உன் ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பார்க்கும் நேரம் சாயந்தரம்தான் என்றார்கள். நானும் உன் அம்மாவும் ஐசியூ கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். சாயந்தரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே நீ எப்படி இருந்தாய், யாரையாவது கேட்டாயா, ஒன்றும் தெரியாது.

கூட இருக்கிறேன் என்றேன். அவன் தலை என் உள்ளங்கையில் இருந்தது. முதல் ஊசியிலேயே உடம்பு தளர்ந்தது. இரண்டாவது ஊசி போட்டது அவனுக்குத் தெரியவே இல்லை.

கடைக்குத் திரும்பியபோது உன் அம்மா நாற்காலியில் காத்திருந்தார். வெறும் கூடையைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வலிச்சுதா அதுக்கு?"

"இல்லம்மா. தூங்குற மாதிரி போயிட்டான். தலை என் கையிலதான் இருந்துச்சு."

தலையாட்டினார். குப்பத்து மீன் கூடைக்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தெருக்கோடி தாண்டியது. பிறகு உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நம்ம நூருக்கு வலிச்சிருக்குமா கலா?"

நூரு, நான் என்ன சொல்லட்டும்? இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கை என் தலைமேல் வந்தது. "அம்மா, மேலெல்லாம் நாய் முடி" என்றேன். "இருக்கட்டும்" என்றார். கையை எடுக்கவில்லை.

நாளைக்கு ஒரு காக்கர் ஸ்பானியல் வருகிறது. காதெல்லாம் சிக்கு, கடிக்கும் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. கடை நிற்குமா நிற்காதா, அதுவும் தெரியவில்லை. உன் அம்மா நாளைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், சும்மா உட்கார்ந்திருக்க. என்றைக்காவது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். அப்போதும் என்னிடம் பதில் இருக்காது. ஆனால் அவர் கேட்கும்போது யாருமில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக் கேட்கும்படி விடமாட்டேன். பக்கத்தில் இருப்பேன். என்னால் முடிந்தது அதுதான். அதை மட்டும் செய்வேன் நூரு.

உன் அம்மாவை அம்மா என்றே கூப்பிடும்
உன் அக்கா,
கலா