இடது பக்கம் வந்த லாரி

அப்பா,

அந்தக் கார் ரேஸ் விளையாட்டின் புதுப் பாகத்தை நேற்று லேப்டாப்பில் ஏற்றினேன். கண்ணாடியில் மழைத்துளி வழிகிறது, ஈர ரோட்டில் கடை விளக்குகள் மின்னுகின்றன.  முதல் வளைவில் இடது பக்கச் சுவர் வந்ததும் இன்னும் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

நாம் முதலில் விளையாடிய பாகத்தில் கார்கள் சோப்பு டப்பா மாதிரி இருந்தன. வாரம் முழுக்க ஆலங்காயத்துப் பெண்களை ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டிவிட்டு, ஞாயிறு சர்ச் முடிந்ததும் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். ரேஸில்கூட எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிடுவாய். அப்படியும் என்னை ஜெயிப்பாய், அதுதான் எனக்கு எரிச்சல். அடுத்த பாகத்தில் போலீஸ் துரத்தியது. அப்புறம் காருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்றார்கள், ஊரெல்லாம் சுற்றலாம் என்றார்கள். "ரேஸு கம்மி, மேக்கப்பு ஜாஸ்தி" என்று நீ பழைய பாகத்துக்கே திரும்பிவிடுவாய்.

அந்த ஞாயிறும் அதைத்தான் போட்டாய். உனக்குத் தண்ணீர் பட்ட பாடான பாதை. இடது சுவரில் மோதினாய். நான் சிரித்தேன். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடியும் மோதினாய். கீபோர்டு சரியில்லை என்றாய், வேறு மாட்டிக் கொடுத்தேன். அப்போதும் அப்படித்தான். அந்த வாரம் பஸ்ஸின் இடது பக்கம் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஷேர் ஆட்டோக்காரன் உரசிவிட்டான் என்று நீ சொல்லியிருந்தாய். அது ஞாபகம் வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. திரையின் இடது பக்கம் ஒரு லாரி வந்து கடந்து போனது.

"லெஃப்ட்ல வந்த லாரிய பாத்தியாப்பா?"

"இன்னா லாரி?"

உன் இடது பக்கம் நின்று கையை ஆட்டினேன். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். விடிந்தால் திங்கள். டிபன் பையோடு காத்திருக்கும் பெண்கள் எல்லாரும் நிற்பது பஸ்ஸுக்கு இடது பக்கம்தான். அதைச் சொன்னதும் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொம்மைக் காரை வைத்து என் வேலைக்கு உலை வைக்கிறாயா என்று கத்தினாய். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.  உன் சட்டைப் பையிலிருந்த பஸ் சாவியைப் பிடுங்கி ஒளித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நீ ரேஸை மறுபடியும் தொடங்கினாய். இந்த முறை மெதுவாக, பஸ் ஓட்டுவதுபோல. மோதக் கூடாது, நான் சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஜெபித்தேன்.

மோதினாய். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாய். பிறகு சூப்பர்வைசருக்குப் போன் போடச் சொன்னாய். நான் பேசுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று போனை வாங்கிக்கொண்டாய்.

"சார், எனக்கு லெஃப்ட் சைடு தெரில. நாளிக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் தலைக்குள் கட்டி என்றார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீ இல்லை.

நான் இப்போது அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சாயங்காலம் ஆலங்காயம் பஸ் கிளம்பும்போது கேட் அருகே நின்று பார்ப்பேன். உன்னோடு வந்த அக்காக்கள் இன்னும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். உன்னை நினைத்தால் அழுகை வரும், அவர்களைப் பார்த்தால் நின்றுவிடும். உன் பஸ்ஸில் வந்தவர்களில் ஒருத்தர்கூடக் குறையவில்லை, அப்பா.