பத்து நாள் அப்பா

ஜூன் 2

அன்பு மருமகளுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். மூன்று வயதில் நீ பொம்மையை உட்கார வைத்து, "ஏன் அழுவுறே?" என்று விசாரித்தபோதே, இது மனநல டாக்டர் என்றேன். உன் கட்டுரை வாரப் பத்திரிகையில் வரும் என்றேன். அதைப் படித்து உன் அப்பா முறுக்கிக்கொள்வார் என்றும் சொன்னேன். மனதுக்குள் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

"தந்தை இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான்" என்று எழுதிவிட்டாயே அம்மா! டேங்கர் லாரி ஓட்டுகிற மனுஷன், நேராக என் பஞ்சர் கடைக்கு வந்து பத்திரிகையை டயர் மேல் வீசினார். "மாப்ளே, நான் உசுரோடதானே இருக்கேன்? கிள்ளிப் பாரு" என்றார். கிள்ளினேன். நன்றாகவே கத்தினார். ஆனாலும் நான்கு மாதமாக உன்னோடு பேச்சில்லை.

கவலையை விடு. இரண்டு லாரி சங்கங்களைக் கட்டிப்பிடிக்க வைத்தவன் நான். இவர் ஒரே ஆள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
எட்டாம் வகுப்பு (முக்கால் தேர்ச்சி)


ஜூன் 7

அன்புள்ள மாமா,

சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன், முடிக்கும்போது அழுதுவிட்டேன். 'தந்தை இல்லாத வீடு' என்பது எங்கள் ஆய்வில் ஒரு பிரிவின் பெயர். மாதத்தில் இருபது நாளுக்கு மேல் அப்பா வெளியில் இருந்தால் அந்தக் குடும்பம் அதில் சேரும். நானூறு குடும்பங்களைச் சந்தித்தேன். நம் வீடும் அந்த வகைதான் என்று எழுதினேன். வீட்டில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று, மனத்தைப் பற்றியே படித்த எனக்குத் தோன்றவில்லை.

ஃபோன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். 24ஆம் தேதி என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அப்பா வர வேண்டும் மாமா. அவர் முகத்தைப் பார்க்காமல் அங்கே நின்று தந்தையரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆய்வேட்டின் பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன், கொடுங்கள். தயவுசெய்து நீங்களாக ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 15

மருமகளே, வெற்றி!

ஷெட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் பேசினேன். மற்ற டிரைவர்கள் எல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். உன் அப்பா முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் பென்சில் கேட்டு வாங்கி, ஓர் இடத்தில் கோடு போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வரேன்னு சொல்லு மாப்ளே" என்றார்.

நீ சொன்னபடி ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

உன் மாமன்


ஜூன் 25

அன்புள்ள மாமா,

வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். இருபது நாள் விதியை விளக்கி முடித்தேன். சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். அப்பா எழுந்தார்.

"இருபது நாள் வெளிய இருந்தா அப்பா இல்லைங்கிறீங்க. மிச்சம் பத்து நாள் வீட்ல ஒருத்தன் இருந்தானே, அவன் யாருங்க?"

என்னை 'நீங்க' என்றார் மாமா. நான்கு மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் கேக்க நெனச்சதும் இதுதான். சொல்லுங்க" என்றார்.

அந்தப் பத்து நாளை நான் அளக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். 'தந்தை இல்லாத வீடு' என்ற பெயரை மாற்றிவிடுகிறேன், அடுத்த ஆய்வே அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் என்றேன்.

வெளியே வந்ததும், "பாஸா?" என்றார்.

"பாஸ்ப்பா."

"என் கேள்வியால மார்க்கு ஏதும் கொறையலையே?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேருந்து வரும்வரை விடவில்லை.

ஒரு விஷயம் மாமா. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வாக்கியமே கிடையாது, முழுக்க எண்கள். அப்பா எந்த எண்ணின் கீழ்க் கோடு போட்டார்? பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பிரதியை அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 30

மருமகளே,

பிரதியை இப்போது அனுப்ப வழியில்லை. உன் அப்பா அதை லாரியில் வைத்திருக்கிறார். சரக்கு இறங்குகிற நேரத்தில் படிக்கிறார். ஒன்பதாம் பக்கம் ஆகிறது. "புத்தகத்துல கோடு போட்டா நம்ம டாக்டரம்மா திட்டுமா?" என்று நேற்றுக் கேட்டார்.

இந்நேரம் உனக்கே புரிந்திருக்கும். அன்றைக்கு நான் போனபோது அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இருபத்திநாலுதானே? லீவு சொல்லியாச்சு மாப்ளே" என்றார். நீ பேசும்போது ஃபோனைக் கொடுத்துவிடுவாரே தவிர, அந்த இடத்தை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டே இருப்பாராம். அக்கா சொன்னாள்.

மூன்று மணி நேரத்துக்கு வேண்டிய பேச்சு என்னிடம் இருந்தது. கேட்க வேண்டிய அவசியம்தான் அவருக்கு இல்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பி வந்தவன் உனக்கு என்னத்தை எழுதுவது? அந்தக் கோடு நான் வாயால் போட்டது.

உன் மாமன்