மண்டபத்துக்குக் குளிர் போதாது என்றாய்

இன்று பெரம்பலூரில் புதிதாகத் திறந்த துணிக்கடை ஒன்றின் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். ஏசிக் குளிரோடு அத்தர் வாசனையும் முகத்தில் அடித்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. நீதான் நினைவுக்கு வந்தாய்.

துபாயிலிருந்து திரும்பி, என்னோடு கூட்டாக ஏசி வேலை எடுத்துச் செய்தாய். மற்றவர்கள் குத்துமதிப்பாக மெஷின் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. நீ மட்டும் கட்டடத்தையே கணினிக்குள் கட்டுவாய். சுவர், கூரை, கண்ணாடி, உள்ளே இருக்கப்போகும் ஆட்கள் எல்லாம் கொடுத்தால், எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று அது சொல்லும்.

லெப்பைக்குடிக்காட்டில் உன் மாமா கல்யாண மண்டபம் கட்டினார். முதல் கல்யாணமே அவர் மகளுக்கு, மே மாதத்தில். செலவைக் குறைக்க, கணக்கில் முந்நூறு பேர் என்று போடச் சொன்னார். அவர் ஊரையே அழைத்திருப்பது உனக்குத் தெரியும். ஆயிரம் பேர் என்று போட்டு ஓட்டினாய். மனித உடம்பும் சூடு விடும் அல்லவா, கணினி இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய மெஷின் கேட்டது. மெஷின் நின்றுபோனால் என்ன ஆகும் என்றும் பார்த்தாய். திரையில் உள்சூட்டைக் காட்டும் சிவப்புக் கோடு விறுவிறுவென ஏறியது.

மாமாவிடம் காட்டினோம். "கம்ப்யூட்டருக்கு நம்மூரப் பத்தி என்னடா தெரியும்?" என்றார்.

"நாம சொல்றத வச்சுத்தான் அது சொல்லுது மாமா. நாம பொய் சொன்னா அதுவும் பொய் சொல்லும்" என்றாய்.

அவர் இறங்கி வரவில்லை. சுற்றிலும் திறக்காத கண்ணாடிதான் பதித்திருந்தார்; நீ விடாமல் கேட்டதில், பின்சுவரில் மட்டும் திறக்கிற ஜன்னல் வைக்க ஒத்துக்கொண்டார். இந்த வேலையே வேண்டாம் என்றேன் நான்.

"நாம விட்டா வேற யாராச்சும் மாட்டுவான். அந்த ஜன்னலும் இருக்காது" என்றாய்.

சின்ன மெஷின்களையே மாட்டினோம்.

நிக்காஹ் முடிவதற்குள் மண்டபம் பிதுங்கியது. காற்று கனத்தது. மெஷின்கள் சுமை தாங்காமல் ஒவ்வொன்றாக நின்றன. குழந்தைகள் வீறிட்டன.

"நீ ஜன்னலத் தொற. நான் மொட்டை மாடிக்குப் போயி மெஷினப் பாத்துட்டு வரேன்" என்று ஓடினாய்.

திறந்தேன். மயங்கிய பெரியவர்களை வெளியே தூக்கிவந்து தண்ணீர் தெளித்தோம். எல்லோரும் பிழைத்தார்கள். மேலே ஒரு மெஷின் உறுமி ஓடியது, மறுபடி நின்றது. நீ இறங்கி வரவில்லை.

நான் மேலே ஓடினேன். உச்சி வெயிலில், ஏசியின் அனல் கக்கும் வெளிப்பெட்டிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தாய். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தாங்கவில்லை. மண்டபத்தின் அந்தத் திறக்காத கண்ணாடிகளையெல்லாம் பிறகு மாமா ஆள் வைத்துப் பெயர்த்துவிட்டார். என்னிடம் இன்றுவரை பேசவில்லை.

உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது, சட்டையைத் தாண்டி உன் சூடு என்னைச் சுட்டது. எத்தனை குளிர்ந்த அறையில் உட்கார்ந்தாலும், என் இடது தோள் மட்டும் ஆறுவதே இல்லை.