கலகெதரவில் மிஞ்சிய அட்டைகள்

டயர் எரிகிற வாசனை காலையிலேயே ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. யாரோ குப்பைக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்தப் போனேன். தெல்தெனியப் பக்கம் மலைக்கு மேலே கறுப்பாகப் புகை நின்றது. ஒரே இடத்தில் இல்லை, தள்ளித் தள்ளிப் பல இடங்களில். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். அதற்கு அப்புறம்தான் வேன் நினைவுக்கு வந்தது.

நம் பிள்ளை செல்வம் டீம் பையன்களைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போயிருக்கிறான். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் கால்பந்து லீக். நேற்று ஆட்டம் முடிந்தது, இன்று திரும்ப வேண்டும். மகியங்கனை வழியாக வந்தால் அந்தப் புகைக்கு நடுவில்தான் குண்டசாலையில் நம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். இந்த முறை எரிவது முஸ்லிம்களின் கடைகள். டீமில் பாதிப் பேர் முஸ்லிம் பையன்கள். ஊரடங்கு போட்டுவிட்டார்கள். கோல் கீப்பர் அஸ்லமின் அம்மா பர்வீன் இப்போது நம் முன்னறையில், உங்கள் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் கட்டாரில் இருக்கிறார். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் போய்க் கூட்டிவந்தேன். "அக்கா, போன் வந்திச்சா?" என்று கேட்டபடி இருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது. அதனால்தான் உள்ளே வந்து உங்களுக்கு எழுதுகிறேன். செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நாம் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே சண்டையைத்தான் போட்டிருக்கிறோம். ஒரு ஆட்டத்துக்காக உங்கள் கிளப் பையன்களை இவ்வளவு தூரம் கூட்டிப்போக வேண்டுமா என்பதுதான் அந்தச் சண்டை. ஒன்றே கால் மணி நேரம் பந்து உதைக்க, போக அரை நாள், வர அரை நாள். வளைவுக்கு வளைவு பையன்கள் வாந்தி எடுப்பார்கள். இறங்கினதும் கால் மரத்துப்போய் நாலு கோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மாத்தளையில் டீம் இல்லையா, கம்பளையில் இல்லையா, ஏன் சிலாபத்துக்கு ஓட வேண்டும் என்று நான் கேட்பேன். ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நீங்கள் பதில் சொல்வீர்கள்.

"இங்கயே வெளாண்டா இங்கயே பெரிய ஆளுன்னு நெனச்சுக்குவானுங்க புள்ள. வெளிய போனாத்தான் அடி விழும். அடி விழுந்தாத்தான் ஆட்டம் வரும்."

"ரோட்டுலயும் அடி விழுமே, அதுக்கு என்ன செய்வீங்க?"

"அதுக்குத்தான் நான் கூடப் போறேனே."

அப்படித்தான் சொன்னீர்கள். பெரிய வீரர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதன்முதலில் சிலாபத்துக்குப் போய்வந்த அன்று, கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேரும் கடலில் இறங்கி, உப்புக் கரிக்கிறதா என்று ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்ததை நீங்கள் நடித்துக் காட்டினீர்கள். நான் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன். அன்றைக்கு மட்டும் உங்கள் கட்சிக்கு வந்துவிடலாமா என்று தோன்றியது.

அது யுத்தக் காலம். கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் ஊருக்கு ஊர் செக்பாயின்ட் முளைக்கும். நீங்கள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தீர்கள். வேனில் ஏறும்போதே எல்லாப் பையன்களின் அடையாள அட்டைகளையும் வாங்கி, ஒரு தோள் பையில் போட்டுக்கொள்வீர்கள். சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, சிங்களப் பையன்களின் அட்டைகளை மேலே வைப்பீர்கள். நாலு அட்டை பார்த்ததும் சிப்பாய்க்குச் சலித்துப்போகும், கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அதோடு தமிழ்ப் பையன்கள் மூன்று பேருக்கும் ரோட்டுக்கென்று ஒரு பெயர். ஒரே ஓசையில் தொடங்கினால்தான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பான் என்று, செல்வத்துக்குச் சுனில் என்று வைத்தீர்கள். பேராதனை தாண்டினால் தமிழ் பேசக் கூடாது. கேப்டன் சமன் வேன் முழுக்க "சுனில், சுனில்" என்று கூப்பிட்டுப் பழக்குவான். அவனுக்கு அது விளையாட்டு. நல்ல பையன்.

நான் வாசலில் பிள்ளைக்கு விபூதி பூசுவேன். வேன் ஹார்ன் அடித்ததும் என் முந்தானையாலேயே அதைத் துடைத்தும் விடுவேன். பூசுகிற கையே துடைக்கிற வேலையையும் செய்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு நாள் "இந்தப் பேர் மாத்துற கூத்து வேணாங்க, மனசுக்கு ஒப்பல" என்றேன். "பேருதானே புள்ள, வீட்டுக்கு வந்து கழட்டி வச்சுரலாம்" என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமையும் சிலாபம்தான். ஜெயித்தும்விட்டீர்கள். திரும்பி வரும்போது, ஆட்டத்தில் விழுந்த ஒரு பையனுக்குத் தோள் வலி தாங்க முடியவில்லை. குருநாகல் ஆஸ்பத்திரியில் அவனோடு நீங்கள் இறங்கினீர்கள். அங்கேயே வேலை பார்த்த அவனுடைய அப்பா வந்து, பையனையும் அவன் அட்டையையும் பொறுப்பெடுக்கும்வரை நீங்கள் நிற்க வேண்டியிருந்தது. அதற்குள் கொழும்பில் குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். வீடுகளில் பயப்படுவார்களே என்று வேனை முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்றீர்கள். பை உங்கள் தோளிலேயே இருந்தது. எதை மறந்தாலும் பையை விடாத மனிதர் நீங்கள். அந்தக் கவனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கலகெதர தாண்டி செக்பாயின்ட்டில் வேனை நிறுத்தினார்கள். யாரிடமும் அட்டை இல்லை. எங்கள் கோச் சேர் பின்னால் கொண்டுவருகிறார் என்று சமன் சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். அங்கே இருந்த அதிகாரி மோசமானவர் இல்லையாம். "சரி, வரட்டும், பெயரைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். நம் பிள்ளை சுனில் என்றான். மற்ற இரண்டு பேரும் நீங்கள் வைத்த பெயர்களையே சொன்னார்கள். பழக்கியபடியே, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்கள். வெயிலில் நின்ற பையன்களுக்கு அவர் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் உங்கள் பஸ் வந்தது. "அப்பா பையைத் தூக்கிக் காட்டிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே எறங்குனாரும்மா" என்று செல்வம் பின்னால் ஒரு நாள் சொன்னான். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. பார்த்த மாதிரியே இத்தனை வருடமும் இருக்கிறது. அதிகாரி அட்டைகளை வாங்கி, எழுதி வைத்திருந்த பெயர்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். கடைசியில் அவர் கையில் மூன்று அட்டைகள் மிஞ்சின. மூன்றும் தமிழ்ப் பெயர்கள். மூன்று சிங்களப் பெயர்களுக்கு அட்டையே இல்லை. குண்டு வெடித்த நாளில் பொய்ப் பெயர் சொன்ன மூன்று தமிழ்ப் பையன்கள். உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றிருந்தால், நீங்கள் வந்ததும் அனுப்பியிருப்பாரோ என்னவோ. அதை நினைத்து நினைத்துத்தான் எனக்குத் தலை நரைத்தது.

வேன் நம் வாசலுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. ஹார்ன் அடிக்காமல் நின்றது. நாம் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் டிரைவர் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, பயப்படாதீங்க. புள்ளைகள எறக்கி வெச்சிட்டாங்க. பேரு பொய்யிண்டு சொல்றாங்க. சேரும் கூடவே போயிட்டாரு."

பின்னால் சமன் தலையைத் தொங்கப்போட்டு அழுதுகொண்டிருந்தான். நான் அவனைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. வேனுக்குள் காலியாகக் கிடந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையன்களை இரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்தான், என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொன்னதாலேயே விட்டார்கள். அது உண்மையும்கூட. உங்களை அடுத்த வருடம் கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்த பிறகுதான் விட்டார்கள். அதற்குள் நான் ஏறாத ஆபீஸ் இல்லை, நிற்காத முகாம் கேட் இல்லை. ஒவ்வொரு கேட்டிலும் உங்கள் பெயரைச் சொல்லி, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று கேட்டுத் திரும்புவேன். வந்தபோது உங்களுக்கு வலது காது கேட்கவில்லை. அது எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, இனி அந்த வேனுக்குள் காலை வைத்தால் நான் தோட்டத்துக்கு அம்மாவிடம் போய்விடுவேன் என்றேன். சரி என்று தலையாட்டினீர்கள். கேட்காத காது பக்கம் நின்று சொல்லிவிட்டேன் என்பது, அடுத்த மாதமே நீங்கள் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோதுதான் தெரிந்தது. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இதை இன்று சொல்லாமல் என்றைக்குச் சொல்வது?

போன வருடம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினீர்கள். கிளப்பைப் பிள்ளை கையில் எடுத்தான். உங்களைப் போலவே வாதாடுகிறான். "கண்டிக்குள்ளயே சுத்துனா யாரு பாப்பாங்கம்மா?" என்கிறான். யாராவது அவனிடம் பெயர் கேட்டால், பேங்க்கில் கேட்டால்கூட, சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவான். மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைதான் இன்று ரோட்டில் நிற்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அம்மா, மகியங்கனையில நிக்கிறோம். முன்னால கம்பு தடியோட வேன மறிக்கிறாங்களாம். பேரு கேக்குறாங்களாம்."

"புள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"பயந்துதான் இருக்காங்க. அஸ்லம் சொல்றான், சேர், எங்களுக்குச் சிங்களம் நல்லா வரும், சிங்களப் பேரு சொல்லிர்றோம், வீட்டுக்குப் போயிரலாம்னு. ரெண்டு மணித்தியாலந்தாம்மா வீடு." வேனுக்குள் பையன்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. "அப்பா இருந்தா என்னம்மா சொல்வாரு?"

நீங்கள் விடுதலையாகி வந்த பிறகு ஒரு முறை திருகோணமலைக்குப் போகும் வழியில், தம்புள்ளையிலேயே வேனைத் திருப்பிக்கொண்டு வந்தீர்களே. முன்னால் கெடுபிடி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆட்டம் போயிற்று, லீக்கும் போயிற்று. பையன்கள் உங்களோடு பேசவில்லை. அன்று அடுப்படி வாசலில் நின்றுகொண்டு நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் பிள்ளைக்குச் சொன்னேன்.

"புள்ள தன் பேரச் சொல்ல முடியாத ரோட்டுல வேன விடக் கூடாதுன்னு சொல்வாரு. திருப்புடா."

"எங்கம்மா திருப்புறது? மட்டக்களப்பு இன்னும் தூரம்."

"தூரந்தான். நேத்து உங்களோட வெளாண்டவங்க வீடு அங்கதானே இருக்கு? அவங்க கோச்சுக்குப் போன் பண்ணு. பாய் இருந்தாப் போதும், சோறு இருந்தாப் போதும்னு சொல்லு. போ."

"சரிம்மா" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. சிக்னல் இல்லாத காட்டு ரோடு அது, எனக்குத் தெரியும். பின்னால் போகிற ரோட்டிலும் யாராவது நிற்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. அன்று தம்புள்ளையில் உங்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்? உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே வீம்புக்குப் போகிறீர்கள் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்தேன். போ என்றாலும் திரும்பு என்றாலும், தெரியாமலேதான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

முன்னறையிலிருந்து பர்வீன் எழுந்து வந்து கதவுப் பக்கம் நிற்கிறாள். நான் போனில் பேசினது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"அக்கா, திரும்பிப் போற வழியில யாரும் மறிச்சா, எங்கட புள்ள என்ன பேரு சொல்லுவான்?"

"அவன் பேரைத்தான்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். சரியா தப்பா என்று கேட்கவில்லை. நான் மறுபடி பிள்ளையின் நம்பரை அடித்தேன். இன்னும் லைன் கிடைக்கவில்லை.